பத்தாவது ஆள்

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டபோது கேட்டைத் தாண்டி வந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே முகம் இருந்தது. அதில் ஒருவன் தன் தம்பி என்று அக்காக்காரிக்குத் தெரியும். எவன் என்றுதான் தெரியவில்லை. அதற்குள் அவள் ஒரு பையனின் கையைப் பிடித்து, விட்டு, இன்னொருவன் கையைப் பிடித்து, அவனையும் விட்டுவிட்டு முதலில் பிடித்தவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் எங்கும் போய்விடவில்லை, பக்கத்தில்தான் நின்றான், ஆனால் அவன்தான் அவன் என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. அந்த முகம் அழகும் இல்லை, அவலட்சணமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்தாலும் இறங்கின பிறகு நினைவில் நிற்காத முகம். பையன்கள் ஆறு பேர், பெண் பிள்ளைகள் நாலு பேர், பத்துப் பேரும் ஒரே உயரம், மூன்றடி பதினொரு அங்குலம். ஐந்தாம் வகுப்பு நெட்டையன் குறுகிப்போய்த் தன் சட்டைக்குள்ளேயே தொலைந்திருந்தான். ஒன்றாம் வகுப்புப் பொடியன் வளர்ந்து பொத்தான் தெறிக்க நின்றான். அவர்கள் இரண்டு பேரையும் சட்டையை வைத்து அவரவர் அம்மாக்கள் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த நாலு பையன்களுக்கும் சட்டை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதுதான் வினை.

"டேய், நீ வாலுதானடா?" என்று அவள் கேட்டாள். வாலு என்பது தம்பியின் பட்டப்பெயர். அவன் செய்த சேட்டைக்கு வீட்டில் வைத்தது, தெருவே கூப்பிட்டது.

"ஆமாக்கா."

பக்கத்தில் நின்றவனைக் கேட்டாள். அவனும் ஆமாக்கா என்றான். மூன்றாமவன் கேட்பதற்கு முன்னாலேயே ஆமாக்கா என்றான்.

"உங்கப்பா என்னடா வேலை பாக்குறாரு?"

"லாரி ஓட்டுறாரு," என்றான் முதல் பையன். அவள் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்து சொன்னான். "கல்லும் உடைக்கிறாரு. சென்ட்ரிங்கும் அடிக்கிறாரு. அப்புறம் எங்கயோ போயிட்டாரு, வரவே இல்ல."

பொய் சொல்லவில்லை. பத்துப் பேரின் ஞாபகமும் ஒரே பானையில் கொட்டிக் கலக்கி, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றின மாதிரி ஆகியிருந்தது. எல்லாருக்கும் எல்லா வீடும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. வாலு போன வருஷம் மாடிப்படியில் உருண்டு தாடையில் மூன்று தையல் போட்டிருந்தான். இப்போது அந்தத் தையல் பத்துத் தாடையிலும் நகம் கீறின அளவுக்கு மெலிசாக இருந்தது. பையைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். கடைசி பீரியட் விளையாட்டு, பைகள் சுவரோரம் குவியலாகக் கிடந்தன. மணி அடித்ததும் ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதை எடுத்தார்கள், எடுத்தது தன்னுடையதுதான் என்று எல்லாருக்கும் தோன்றியது. வாலுவின் பையை மாட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண் பிள்ளை.

இது எப்படி நடந்தது என்று அந்த நேரத்தில் தெருவில் இருந்த யாருக்கும் தெரியாது. அக்காக்காரிக்குத் தெரியும். அவளுக்குப் பதினாலு வயது, மூன்று நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது, அதைச் செய்தது அவள்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள அரசாங்கப் பள்ளிக்கூடம். ஏழு அறை, ஒரு கொட்டகை, மேற்குப் பக்கம் மட்டும் தண்ணீர் வரும் ஒரு குழாய், ஆபீஸ் ரூமில் உறை போட்டு மூடின ஒரு கம்ப்யூட்டர். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்றே எல்லாரும் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தினவர், பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், ஆனால் கம்ப்யூட்டரைக் கண்டால் வெறிநாயைக் கண்ட மாதிரி ஒதுங்குவார். அதனால் வருஷா வருஷம் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய விவரங்களை, அதே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கும் அக்காக்காரி வந்து அடித்துக் கொடுப்பாள். கூலி ஒன்றும் கிடையாது. "தங்கம், உன் விரலுக்கு வைர மோதிரம்தான் போடணும்," என்று பெரிய டீச்சர் சொல்வார், ஒரு டம்ளர் டீ வரும், அவ்வளவுதான். தம்பி அங்கேதான் மூன்றாவது படிக்கிறான், அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்பு அலசுகிறாள், அப்பா லாரியில் போனால் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தலையைக் காட்டுவார். பெரிய டீச்சரிடம் முடியாது என்று சொல்லக்கூடிய வீடு இல்லை அது.

அந்த வருஷம் ஃபார்ம் புதிதாக வந்திருந்தது. பிள்ளைகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சராசரி மார்க் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருநூற்று இருபத்து மூன்று பேர். அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருநூற்றுப் பதினாலு, அவர்கள் சராசரி அறுபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே. மீதி ஒன்பது பேரில் கல்குவாரியில் இருந்து வருபவர்கள் நாலு பேர், கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாலு பேர், தனியாக வந்து தனியாகப் போகிற ஒரு பையன். அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்த ஒன்பது பேரின் சராசரி முப்பத்தொன்பது. குவாரிப் பிள்ளைகள் வேலை நடக்கும் நாளில் வரமாட்டார்கள், கட்டடப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் மொழியே பாதிதான் புரியும், முப்பத்தொன்பது வந்ததே பெரிது. உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் அறுபத்தேழு ஆகிவிடும். உள்ளூர்ச் சராசரி அறுபத்தெட்டு இருந்தால்தான் ஏ கிரேடு, ஏ கிரேடு இல்லையென்றால் இரண்டு வாத்தியார் வேலை போய்விடும். ஒரே ஒரு மார்க்.

ஒன்பது பேரையும் "மற்றவர்" என்று தனியாகப் போட்டு அக்காக்காரி பட்டனை அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. பத்துப் பேருக்குக் குறைந்த வகையை ஃபார்ம் எடுத்துக்கொள்ளாது. சின்னக் கூட்டமாக இருந்தால் எந்தப் பிள்ளை எத்தனை மார்க் என்று வெளியே இருப்பவர்கள் ஊகித்துவிடுவார்களாம். பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு என்று அடியில் எழுதியிருந்தது.

"பத்துப் பேரு வேணுமாம் டீச்சர்."

"அதுக்கென்ன, ஒருத்தரைத் தூக்கி அங்க போடு. யாரு போய் எண்ணப் போறா?"

"யாரை டீச்சர்?"

"யாரையாவது போடு தங்கம். சண்டைக்கு வராத வீடாப் பாத்துப் போடு. கடைக்காரர் பொண்ணைப் போட்டுத் தொலைச்சிடாத, அந்தாளு வந்து கூரையைப் பிரிச்சிடுவாரு."

சொல்லிவிட்டுப் பெரிய டீச்சர் குழாயடியில் யாரோ அழுவதைப் பார்க்கப் போனார். அக்காக்காரி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். போலீஸ்காரர் மகன், நர்சம்மா மகள், மெக்கானிக்கின் இரட்டைப் பிள்ளைகள். எந்தப் பெயரில் கையை வைத்தாலும் நாளைக்கு ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து என் பிள்ளை எப்படி மற்றவர் ஆச்சு என்று கேட்பார்கள். யாரும் வந்து கேட்காத வீடு என்று அந்தப் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது, அது அவளுடைய வீடு. வாலுவுக்கு ஐம்பத்தொன்பது மார்க். அவனை எடுத்தால் உள்ளூர் சராசரி ஒரு சொட்டு ஏறவும் செய்யும். என் தம்பிதானே, என்று நினைத்தாள். அடுத்தவர் பொருளை எடுத்தால்தானே திருட்டு? பட்டனை அழுத்தினாள். ஃபார்ம் போய்விட்டது. பெரிய டீச்சர் திரும்பி வந்து, யாரைப் போட்டாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "கெட்டிக்காரி," என்றார். மற்றவர் சராசரி நாற்பத்தொன்று ஆகியிருந்தது. "பாத்தியா, அவங்களுக்கும் லாபம்தான்."

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அலுவலகத்தில் ஃபார்மை ஏற்றுக்கொண்டதாகப் பச்சை எழுத்தில் பதில் வந்தது. அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் போர்டில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது நாலு பிள்ளைகளுக்கு முகம் மாறியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், பிறகு மிச்சக் கணக்கை எழுதினார். மற்ற வகுப்புகளிலும் இப்படித்தான். ஒரு பிள்ளையும் அழவில்லை. எல்லாரும் மத்தியானம் சாப்பிட்டார்கள்.

ஆக, கேட்டு வாசலில் நாலு பையன்கள். குவாரி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, அங்கிருந்து வந்த பெண்ணுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அவள் நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தாள், வாய்க்குள் என்னவோ சொல்லி ஒருவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். கட்டடக்காரப் பெண் ஒவ்வொருவன் தலையையும் முகர்ந்து பார்த்து, நாலும் ஒரே வாசனையாக இருந்ததால், அழுதுகொண்டே ஒருவனைக் கூட்டிப்போனாள். பாக்கி இரண்டு பேர். இரண்டு பேரும் அக்காக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே அக்கா என்றார்கள். அவள் கிட்டத்தில் இருந்த கையைப் பிடித்தாள். வலது கைப் பக்கம் நின்றதால்தான் அவனைப் பிடித்தாள், வேறு காரணம் இல்லை. தெருமுனை திரும்பும்போது பார்த்தாள்: மற்றவன் வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மூட்டை இறக்குகிற அந்த அப்பா அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆறரை மணி வரை பார்த்துவிட்டு வாட்ச்மேன் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. "ஒருத்தனுக்குப் பொங்குறதுல ரெண்டு பேரு சாப்பிட முடியாதா என்ன," என்று சொன்னாராம்.

வேலை முடிந்து வந்த அம்மா பையனின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"யாருடி இது?"

"வாலும்மா."

"மூஞ்சி என்னடி ஆச்சு?"

"ஸ்கூல்ல எல்லாருக்கும் அப்படித்தாம்மா ஆயிடுச்சு." எல்லாருக்கும் என்று சொன்னது பொய்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பதினோரு மணி நேரம் நின்ற கால். "சரி, மொதல்ல சாப்பிடட்டும்," என்றாள். பையன் அம்மாவின் கையை எடுத்து மோந்து பார்த்து, ப்ளீச்சிங் பவுடர் என்று சொல்லிச் சிரித்தான், அதில் அம்மாவுக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது. மீதியை அவள் வெளியில் எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்த அப்பா, "என் சாடை சுத்தமாப் போயிடுச்சே," என்றார், பையனைத் தோளில் தூக்கி வைத்துத் தெருவைச் சுற்றினார், மறுபடியும் லாரி ஏறினார். அக்காக்காரி மட்டும் அவன் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் வாலு மாதிரியே அவள் பென்சிலை ஒளித்து வைத்தான். குவாரியில் வெடி வைக்கும் மத்தியான நேரத்தில், அந்தச் சத்தம் எட்டாத வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஆனால் பத்துப் பேரும் அப்படித்தான் பொத்திக்கொண்டார்கள், வாட்ச்மேன் அறையில் இருந்தவனும் சேர்த்து. ஒருநாள் அவள் கேட்டைக் கடக்கும்போது வாட்ச்மேன் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பய என்ன சொல்றான் தெரியுமா? எங்கம்மா கையில ப்ளீச்சிங் பவுடர் வாசம் வரும்னு சொல்றான்." அதன் பிறகு பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தாள்.

அடுத்த பரீட்சையில் பத்துப் பேருக்கும் எல்லாப் பாடத்திலும் நாற்பத்தொன்று. குவாரியில் இருந்து வரும் ஒரு பெண் பிள்ளை கணக்கில் புலி, பதினேழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் சொல்வாள். அவளுக்கும் நாற்பத்தொன்று. எழுத்துக் கூட்டத் தெரியாத பொடியனுக்கும் நாற்பத்தொன்று. அவன் அம்மா சந்தோஷத்தில் எல்லா டீச்சருக்கும் வாழைப்பழம் வாங்கி வந்தாள். புலியின் அம்மா மகளின் பழைய விடைத்தாளை எடுத்து வந்து பெரிய டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள், பிறகு அதை எடுத்துக்கொண்டு போனாள். சோதனைக்கு வந்த அதிகாரி அந்தப் பத்துப் பேரைத் தனியாக நிற்க வைத்துப் பத்துக் கேள்வி கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் நாலு கேள்விக்குச் சரியாகச் சொல்லி, ஐந்தாவதின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. ஒரே வகைக்குள் ஏற்றத்தாழ்வு துளியும் இல்லாத பள்ளிக்கூடத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஏ கிரேடு வந்தது, சட்டம் போட்டு ஆபீஸ் ரூமில் மாட்டினார்கள்.

ஊர் எதற்குத்தான் பழகாது? அடையாள அட்டைக்கு ஃபோட்டோ எடுக்க வந்தவர் ஒரு பிள்ளையை மட்டும் உட்கார வைத்து எடுத்து, பத்துப் பிரதி போட்டுக் கொடுத்தார். தடுப்பூசி போட வந்த நர்சம்மா கை விரலில் மை வைக்கக் கற்றுக்கொண்டார். அம்மாக்கள் செருப்பு வாரை வேறு வேறு நிறத்தில் தைத்தார்கள், அவரவர் கூட்டிப்போனதை அவரவர் தொலைக்காமல் இருக்க. யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் பத்தையும் "நாற்பத்தொண்ணு" என்று கூப்பிட, அதுவே பெயராக நிலைத்தது. தெருவில் சண்டை வந்தால், "போடா நாப்பத்தொண்ணு," என்று மற்றப் பிள்ளைகள் திட்டின.

அக்காக்காரி அதற்குள் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்திருந்தாள். செக்‌ஷன் கிளார்க் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். திருத்தம் செய்ய வருஷத்தில் ஒரு வாரம்தான் திறப்பார்கள், அடுத்த தடவை திறக்கும்போது செய்யலாம் என்றார்.

"ஆனா ஒண்ணும்மா. ஒருத்தனை எடுத்தா ஒம்பது. ஒம்பதுன்னா ஃபார்ம் பூட்டிக்கும். எடுக்கிற எடத்துல இன்னொரு ஆளைக் கொண்டா."

"எடுத்துட்டா மூஞ்சி திரும்பி வந்துடுமா சார்?"

"வந்துடும். போன வருஷம் வேற ஒரு ஸ்கூல்ல ஒரு பையனை எடுத்தாங்க. அழுத்தின நிமிஷமே வந்துடுச்சு." அவர் ஃபைலை மூடி வைத்தார். "என்ன, வந்தது அவன் வீட்டுல வளர்ந்த பையனுக்கு இல்ல. நாலு தெரு தள்ளி வேற வீட்டுல இருந்தவனுக்கு. ரெண்டு அம்மாவும் நடுரோட்டுல மல்லுக்கு நின்னாங்க. வீடு மாறி வளர்ந்தவனை எடுத்துக்க யாரும் வரல."

அந்த வருஷம் முழுக்க அக்காக்காரி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாரம் திறந்தது. பெரிய டீச்சருக்கும் அவள் மேல் பாவமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். "தையல்காரர் மக இருக்கா பாரு, ஒண்ணாங்கிளாஸ். அந்தாளு வாயில்லாப் பூச்சி, ஒண்ணும் கேக்கமாட்டாரு. மாத்திப் போட்டுட்டு நிம்மதியாப் போ. நான் கண்டுக்கலை." தையல்காரர் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கத் தெரியும், நாள் முழுக்க அதைத்தான் அடிப்பாள். அந்த விசில் ஆபீஸ் ரூம் வரை கேட்டது.

தம்பியின் நம்பரை எடுத்தாள். அந்த இடத்தில் தையல்காரர் மகளின் நம்பரை அடித்தாள். பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. வராந்தாவில் அவள் ஒரு வருஷமாக வளர்த்த பையன் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தான். பிள்ளைகள் காதுக்கு விஷயம் எப்படியோ போயிருந்தது. அவனுக்குத் தெரிந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் அதில் கொஞ்சம் தெரியும். ஜன்னலுக்கு வெளியே, குழாய்ப் பக்கம், வாட்ச்மேன் வளர்க்கும் பையன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தபடி, கம்ப்யூட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அழுத்தினால் வராந்தாவில் வாலு இருப்பான். அல்லது ஜன்னலுக்கு வெளியே இருப்பான். அல்லது குவாரி லாரியில் போய்க்கொண்டிருப்பான், கட்டடத்து நாலாவது மாடியில் மணல் சலித்துக்கொண்டிருப்பான். அப்போது வராந்தாவில் இருப்பது யார்? அவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அம்மாவிடம் என்ன சொல்வது? விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கால் மணி நேரம் அப்படியே நின்றது என்று பெரிய டீச்சர் பிறகு சொன்னார். அக்காக்காரி எழுந்தாள், கம்ப்யூட்டருக்கு உறையை எடுத்துப் போட்டாள், பெஞ்சில் இருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். திருத்த வாரம் மூடிவிட்டது.

இந்தச் சேதி தெருவில் வேறு மாதிரிப் பரவியது. தன் தம்பிக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை, தங்கமான மனசு என்றார்கள். தையல்காரர் வீடு தேடி வந்து, வாயே திறக்காதவர், இரண்டு கையையும் கூப்பிவிட்டு, அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள், போட்டதே இல்லை. அப்போதுதான் அம்மாவுக்கும் முழுக் கதையும் தெரிந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்போது பள்ளிக்கூடத்து வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தாள். பையில் எப்போதும் இரண்டு பன் இருக்கும். ஒன்றை இரும்புக் கேட்டின் கம்பி வழியாக உள்ளே நீட்டுவாள், இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டு வருவாள்.

இப்படியே ஐந்தாம் வகுப்பும் முடிந்தது. நெட்டையன் முதல் வருஷமே போய்விட்டான், அவன் இடத்தில் புதிதாக வந்த ஒரு குவாரிப் பெண்ணைப் போட்டிருந்தார்கள்; பெரிய பள்ளிக்கூடத்து ஃபார்மிலும் அதே வகை இருந்ததால் நெட்டையன் நாற்பத்தொன்றாகவே அங்கே சேர்ந்தான். அவனுக்கு மீசை முளைத்தபோது கீழே இருந்த பிள்ளைகளுக்கும் மூக்கின் கீழ் லேசாகக் கறுத்தது. இந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் முகம் மாறிய அந்த நாலு பேரும் போகிறார்கள். டி.சி. வாங்க அக்காக்காரிதான் வந்தாள். அவளுக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது. பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நாலு பேரு கொறையுது தங்கம். வெள்ளிக்கிழமை வந்து போட்டுக் குடுத்துடு. கண்ணு வேற சரியாத் தெரிய மாட்டேங்குது எனக்கு," என்றார். அவள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்து வழியாகப் போக அன்று முடியவில்லை, பின்பக்கக் கதவைப் பூட்டியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பையன் தன் டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கையைப் பிடித்து வந்தவன் அவனைப் பார்த்து நின்றுவிட்டான், இழுத்தாலும் வரவில்லை. ஒரே முகம், ஒரே உயரம், ஒரே மாதிரி தலையைச் சாய்த்து இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். வாட்ச்மேனின் பையன் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். பிடித்திருந்த கையும் பதிலுக்காக அவள் விரலைக் கொஞ்சம் இறுக்கியது.

"அன்னைக்கு ஏன்க்கா அழுத்தாம எழுந்து போன?"